பதினொரு வருடம் கழித்து மறுபடி ஒரு மூங்கில் வில்

சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு மூங்கில் கட்டு பதினொரு வருடம் கிடந்தது. வேலை மாறியது, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, பிள்ளைகள் பிறந்தார்கள். வில் செதுக்குவது அப்படியே நின்றுவிட்டது. போன தை மாதம் கட்டை இறக்கி அவிழ்த்தபோது ஏழு பட்டைகளில் ஐந்து உளுத்துப் போயிருந்தன. தட்டினால் மஞ்சள் மாவாகக் கொட்டின. மிச்சம் இரண்டில் ஒன்றை எடுத்து, பழைய வேகத்திலேயே மூன்று மாலைப்பொழுதில் வில்லாக்கினேன். நாலாம் நாள் முழுதாக இழுத்தபோது கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே முறிந்தது.

முறிந்த துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அந்த ஒரு இடம் மட்டும் சுற்றியுள்ள இடத்தைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மெலிந்திருந்தது. முன்பெல்லாம் இது செதுக்கும்போதே என் கண்ணில் பட்டிருக்கும். கைக்குப் பழைய வேகம் முதல் நாளே வந்துவிடுகிறது. கண்ணுக்குப் பழைய கூர்மை வர மாதக்கணக்கில் ஆகிறது. ஆகவே கண் திரும்பி வரும்வரை அளவுகோலையும் தராசையும் நம்பி வேலை செய்வது எப்படி என்றுதான் எழுதப்போகிறேன். புதிதாகத் தொடங்குகிறவரும் இதே வரிசையில் போகலாம்.

இரண்டு மூன்று சொற்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எய்யும்போது உங்களைப் பார்த்திருக்கும் பக்கம் வயிறு. இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் முதுகு. நாண் மாட்டுவதற்காக நுனியில் போடும் வெட்டுக்குக் குதை என்று பெயர். பழைய தமிழ்ச் சொல், இன்றைக்கும் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. வில் வளையும்போது முதுகு இழுபடுகிறது, வயிறு நசுங்குகிறது. இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் பாதி விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பழைய வில் இருந்தால்

உடனே நாணேற்ற வேண்டாம். முதலில் ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து முதுகின் மேல் நுனியிலிருந்து நுனிவரை மெதுவாகத் தடவுங்கள். எங்கே பஞ்சு சிக்குகிறதோ அங்கே ஒரு நார் கிளம்பியிருக்கிறது. அடுத்து வயிற்றுப் பக்கம் குறுக்காக மயிரிழை போன்ற சுருக்கக் கோடு இருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். இருந்தால் அந்த இடம் ஏற்கெனவே நசுங்கிவிட்டது என்று பொருள். குண்டூசித் தலை அளவுக்குத் துளைகளும் கீழே மாவும் இருந்தால் பூச்சி உள்ளே போயிருக்கிறது; அந்த வில்லைச் சுவரில் அழகுக்கு மாட்டிவிடலாம், இழுக்கக் கூடாது.

இதில் எல்லாம் தேறினாலும், சேலத்துக் கோடையில் வருடக்கணக்காகத் தகரக் கூரையின் கீழ் கிடந்த மரம் அளவுக்கு மேல் காய்ந்திருக்கும். ஈரம் மிகுந்த மரம் வளைந்தபடியே நின்றுவிடும். மிகக் காய்ந்த மரம் முறிந்துவிடும். வீட்டுக்குள் நிழலான அறையில் இரண்டு மூன்று வாரம் வைத்துவிட்டு, புது நாண் போட்டு, ஒவ்வோர் அங்குலமாக இழுத்துப் பழக்குங்கள். பழைய நாணை எந்தக் காரணத்துக்காகவும் மறுபடி பயன்படுத்தாதீர்கள். நாண் அறுந்தால் நல்ல வில்லும் கூடவே போகும்.

உங்கள் தோளும் இதே போலத்தான். முன்பு 45 பவுண்டு வில்லை இழுத்தவராக இருக்கலாம். திரும்பி வரும்போது 25 பவுண்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதாவது முழு இழுப்பில் கைக்கு வரும் விசை 11 கிலோவும் கொஞ்சமும். எனக்கு முதல் மாதம் அதுவே போதுமானதாக இருந்தது.

எந்த மூங்கில், எந்த மரம்

மரத்தில் செய்யலாமே என்று பலர் கேட்பார்கள். செய்யலாம். தடசு என்று ஒரு மரம் இருக்கிறது, சடச்சி என்றும் சொல்வார்கள். கருவிகளின் கைப்பிடிக்கும் வண்டியின் ஏர்க்காலுக்கும் காலங்காலமாகப் போன மரம், நன்றாக வளைந்து நிமிரும். நல்ல கட்டை சட்டப்படி மரவாடியில் கிடைத்தால் விடாதீர்கள். தேக்கு அசையாமல் நிற்பதற்காக விரும்பப்படும் மரம், நிலைக்கும் கதவுக்கும் ஏற்றது; வில்லுக்கு நான் எடுப்பதில்லை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வைத்திருக்கும் சில்வர் ஓக்கைப் பலரும் காட்டிக் கேட்கிறார்கள். அது பலகைக்கும் பிளைவுட்டுக்கும் போகட்டும்.

இடைவெளிக்குப் பிறகு முதல் இரண்டு வில்லாவது மூங்கிலில் செய்யுங்கள் என்பது என் உறுதியான கருத்து. மரத்தில் முதுகுப் பக்கம் ஒரே வருட வளையத்தைப் பிடித்துக்கொண்டு நுனிவரை போக வேண்டும், வளையம் வெட்டுப்பட்டால் அங்கே நார் எழும்பும். அதற்குக் கண் தயாராக இருக்க வேண்டும். மூங்கிலில் அந்த வேலையை இயற்கையே முடித்து வைத்திருக்கிறது. வெளித்தோலை ஒட்டித்தான் நார் நெருக்கமாக இருக்கிறது, உள்ளே போகப் போக நெகிழ்ந்து சோறாகிவிடுகிறது. வெளித்தோலை முதுகாக வைத்து அதைத் தொடாமல் விட்டால் போதும்.

கல்மூங்கில் உள்ளே கிட்டத்தட்டக் கெட்டியாக இருக்கும், லாட்டிக் கம்புக்கு அருமை. ஆனால் பருமன் குறைவு, பட்டை எடுத்தால் முதுகு குவிந்து வரும். நமக்கு வேண்டியது முள்மூங்கிலின் அடிப்பாகம். குறுக்களவு நாலு அங்குலத்துக்குக் குறையாமல், சுவர் முக்கால் அங்குலமாவது இருக்க வேண்டும். சாரத்துக்குச் சவுக்கும் மூங்கிலும் விற்கும் கடைகளில் குவியலைப் புரட்டினால் பத்துக்கு ஒன்று தேறும். எனக்கு ஆரம்பத்தில் இதைக் கற்றுக்கொடுத்த ஆசாரி, "கண்ணால பாக்காதீங்க தம்பி, தட்டிக் கேளுங்க" என்பார். முற்றிய மூங்கில் கணீரென்று சொல்லும், இளசு பொத்தென்று சொல்லும். மூன்று வருடமாவது முற்றியிருக்க வேண்டும். வெளியே வெள்ளைப் பொடி பூத்து, பளபளவென்று பச்சையாக, கணுவில் உறை ஒட்டிக்கொண்டிருந்தால் அது போன வருடத்துக் குருத்து, வேண்டாம்.

சேர்வராயன் மலையில் காப்புக்காட்டுக்குள் போய் வெட்டாதீர்கள், விழுந்து கிடப்பதையும் எடுக்காதீர்கள். அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம். மலைமேல் தெரிந்தவர் தோட்டத்தில் வேலியோரம் மூங்கில் புதர் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மழை முடிந்து மார்கழி, தை மாதத்தில் வெட்டியது நல்லது. தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்று ஊரில் சொல்வார்கள். பூச்சியை இழுப்பது மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்து. பிளந்த பட்டைகளை மூன்று நாலு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது அதைக் கரைக்கும் பழைய வழி. கிணற்றடித் தொட்டியில் கல்லை ஏற்றி முக்கி வைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். நாற்றம் அடிக்கும், பயப்பட வேண்டாம். என் பரண் கட்டுக்கு நான் இதைச் செய்யாமல் விட்டதால்தான் ஐந்து பட்டை போயிற்று.

காய வைப்பது

ஆறடி நீளத் துண்டை ஆறு பட்டையாகப் பிளந்துகொள்ளுங்கள். கொடுவாளை வாயில் வைத்துத் தட்டி, பிளவு ஓடும் திசையை மூங்கிலே காட்டட்டும். இரண்டு முனைகளிலும் மெழுகோ பெயின்ட்டோ பூசினால் முனை வெடிக்காது. பிறகு நிழலில், காற்றாட, தரையில் படாமல் அடுக்குங்கள்.

எப்போது காய்ந்தது என்று எப்படித் தெரியும்? தராசைக் கேளுங்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பட்டையை நிறுத்து, பட்டையிலேயே பென்சிலால் எழுதுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாவிட்டால் அந்த ஊர்க் காற்றுக்கு அது காய்ந்துவிட்டது. சேலத்தில் தையில் அடுக்கினால் சித்திரைக்குள் எனக்குத் தயாராகிவிடுகிறது. 1,500 மீட்டர் உயரத்தில், மூட்டம் நிறைந்த ஏற்காட்டில் இருப்பவர்கள் அதைப்போல இன்னொரு மடங்கு பொறுக்க வேண்டும். விறகடுப்பு இருந்தால் அதற்கு மேல் பரணில் புகைபடும்படி வைக்கலாம், பூச்சிக்கும் அது நல்லது.

தையில் தொடங்கினால் ஆடிக்கு வில் கையில் இருக்கும். ஆடிப்பெருக்கை ஒட்டிக் கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். அந்த நாளில் நான் செய்த வில்லோடு ஒரு மலையேற வேண்டும் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட கெடு.

வடிவம் எடுப்பது

கருவி அதிகம் வேண்டாம். ஒரு ரம்பம், மர அரம், சின்ன இழைப்புளி, உடைந்த ஹேக்ஸா பிளேடு அல்லது கண்ணாடிச் சில்லு, உப்புத்தாள், பென்சில். பதினொரு வருடத்துக்கு முன் என்னிடம் இல்லாத ஒன்றை இப்போது வாங்கினேன்: தடிமனை அளக்கும் டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர். கண்ணுக்கு ஊன்றுகோல் அதுதான்.

நீளம் 5 அடி 8 அங்குலம். 28 அங்குலம் இழுக்கிறவருக்கு இது தாராளம்; தொடக்கத்தில் வில் நீளமாக இருக்க இருக்க மரத்துக்கு வருத்தம் குறைவு. பட்டையின் நடுவைக் குறிக்கும்போது கணுக்களைப் பாருங்கள், நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கணுக்கள் ஏறக்குறைய ஒரே தூரத்தில் வரும்படி வைத்துக்கொண்டு மிச்சத்தை அறுத்துவிடுங்கள். மூங்கிலின் வேர்ப்பக்கம் கனமாகவும் விறைப்பாகவும் இருக்கும். அதைக் கீழ்ப்பாதியாக வையுங்கள்.

அகலம் நடுவில் ஒன்றேகால் அங்குலம். கைப்பிடியிலிருந்து ஒவ்வொரு பாதியிலும் மூன்றில் இரண்டு பங்குவரை அதே அகலம், அங்கிருந்து நுனிக்கு அரை அங்குலமாகக் குறுகட்டும். பக்கங்களை இழைத்துவிட்டு முதுகின் ஓரங்களை உப்புத்தாளால் மழுக்குங்கள், கூரான ஓரத்தில்தான் நார் கிளம்பும். முதுகுத்தோலை வேறெங்கும் சுரண்ட வேண்டாம். கணு மேட்டைச் சமமாக்கவும் கூடாது.

உட்பக்கத்தில் கணுத்தட்டையும் வெள்ளைச் சோற்றையும் எடுத்துவிட்டு, நடுவில் 14 மில்லிமீட்டர், நுனியில் 9 மில்லிமீட்டர் என்று சீராகக் குறையும்படி கொண்டுவாருங்கள். இது இறுதி அளவு இல்லை, தொடங்கும் அளவு. நாலு அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் காலிப்பர் வைத்து நோட்டில் எழுதுங்கள். கணு வரும் இடத்தில் அரை மில்லிமீட்டர் கூடவே இருக்கட்டும்.

எண்களில் இவ்வளவு பிடிவாதம் ஏன்? வில்லின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தோடு போகிறது. அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதிதான் ஆகும். தடிமனில் பத்தில் ஒரு பங்கு போனாலே விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். பத்து மில்லிமீட்டர் பட்டையில் ஒரு மில்லிமீட்டர் என்பது நாலைந்து அழுத்தமான இழைப்பு. என் வில் முறிந்தது அந்த நாலைந்து இழைப்பில்தான்.

வளைவைச் சமன் செய்வது

இதுதான் வில் வேலை. இதற்கு முன் சொன்னதெல்லாம் தச்சு வேலை.

முதலில் ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, கைப்பிடியை உள்ளங்கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். இரண்டு பாதியும் ஒரே மாதிரி கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்தால் குதை வெட்டலாம். குதையை வட்ட அரத்தால் பக்கங்களில் மட்டும் போடுங்கள். முதுகுக்குக் குறுக்கே வெட்டினால் நார் அறுபடும்.

அப்புறம் சுவரில் ஒரு பலகை. மேலே கைப்பிடி உட்காரும் தாங்கு, கீழே தரையோரம் ஒரு கப்பி. வில்லை விட நீளமான, தளர்ந்த நாணை இரண்டு குதையிலும் மாட்டி, அதன் நடுவில் கயிறு கட்டிக் கப்பி வழியாக நீங்கள் தூரத்திலிருந்து இழுக்கும்படி செய்யுங்கள். கயிற்றின் நடுவில் ஒரு தொங்கு தராசு இருக்கட்டும். பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் கொக்கித் தராசு போதும். வில்லுக்கு நேரே முகத்தை வைத்துப் பார்க்காதீர்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். முறிந்த மூங்கில் கத்திபோலப் பாயும்.

மூன்று அங்குலம் இழுங்கள். வளைவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா? பழைய நாளில் நான் பத்தடி தள்ளி நின்று பார்த்தே சொல்லிவிடுவேன். இப்போது எனக்கு உதவுவது ஆறு அங்குல நீளமுள்ள ஒரு நேரான மரத்துண்டு. அதன் நடுவில் துளையிட்டு ஒரு பென்சிலை இறுக்கமாகச் செருகியிருக்கிறேன். வில் வளைந்து நிற்கும்போது வயிறு உட்குழிந்திருக்கும். துண்டை அதன்மேல் வைத்தால் நடுவில் சின்ன இடைவெளி தெரியும். எங்கே அந்த இடைவெளி அதிகமோ, அங்கே பென்சில் முனை தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நீட்டிக்கொள்ளுங்கள். இப்போது துண்டை வயிற்றின்மேல் நகர்த்திக்கொண்டே போனால், வளையாமல் விறைத்து நிற்கும் இடங்களில் மட்டும் பென்சில் கோடு விழும். கோடு விழுந்த இடத்தில் மட்டும் சுரண்டுங்கள். கைப்பிடியை ஒட்டி மூன்று அங்குலத்தையும் நுனியில் ஐந்து அங்குலத்தையும் இதில் சேர்க்க வேண்டாம், அவை விறைப்பாகவே இருக்கலாம்.

சுரண்டுவதற்கு இழைப்புளியை எடுக்காதீர்கள். பிளேடோ கண்ணாடிச் சில்லோ போதும். கோடு விழுந்த இடத்தில் பத்துச் சுரண்டல், பிறகு வில்லை அதே மூன்று அங்குலத்துக்கு முப்பது தடவை இழுத்து விடுங்கள். எடுத்த மாற்றம் வளைவில் தெரிய மரத்துக்கு அந்த முப்பது இழுப்பு வேண்டும். இதைத் தவிர்ப்பவர்கள், "இன்னும் மாறவில்லையே" என்று மேலும் மேலும் சுரண்டி, கடைசியில் அந்த இடத்தைப் பலவீனமாக்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். அவசரக்காரக் கை திரும்பி வந்திருப்பவருக்கு இந்த முப்பது எண்ணுவதுதான் மருந்து.

வளைவு சரியானால் மட்டும் அடுத்த இரண்டு அங்குலம். கோடு விழுந்தால் சுரண்டல், முப்பது இழுப்பு. இப்படியே. இதில் மீறக்கூடாத விதி இரண்டு. வளைவில் குறை தெரியும்போது அதைத் தாண்டி ஓர் அங்குலம்கூட இழுக்கக் கூடாது. எந்த நிலையிலும் தராசு 11 கிலோவைத் தாண்டக் கூடாது. இழுப்பு பாதியிலிருக்கும்போதே 11 காட்டினால் இரண்டு பாதியிலும் சீராகச் சுரண்டி எடையைக் குறைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

நுனி எட்டு, ஒன்பது அங்குலம் கீழே வந்த பிறகு தளர்ந்த நாணைக் கழற்றிவிட்டு, அளவான நாணை ஏற்றலாம். முதலில் கைப்பிடிக்கும் நாணுக்கும் நாலு அங்குல இடைவெளி. ஏற்றியதும் பக்கவாட்டில் நாண் கைப்பிடியின் நடுவில் போகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தப் பாதியைத் தணலுக்கு மேல் தோல் கருகாமல் காட்டி, சூடாக இருக்கும்போதே எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பிப் பிடித்து ஆறவிடுங்கள். ஈரத்துணி சுற்றி ஆற வைக்கலாம். மூங்கில் இதற்கு நன்றாகக் கட்டுப்படும்.

ஒரே இடத்தில் மடிந்தாற்போல வளைவு தெரிந்தால் அதை நாங்கள் கீல் விழுந்துவிட்டது என்போம். அந்த இடத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு, அதற்குப் பிறகு தொடவே தொடாதீர்கள். மற்ற எல்லா இடத்தையும் அதன் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். வில்லின் பலம் 25 பவுண்டிலிருந்து 15க்கு வந்துவிடலாம். வரட்டும், வீட்டுப் பிள்ளை இழுக்கும் வில்லாகும். என்னுடைய இரண்டாவது பட்டை அப்படித்தான் 16 பவுண்டில் நின்றது, இப்போது என் மகள் கையில் இருக்கிறது.

நாண்

மீன்பிடி நரம்பும் நைலான் கயிறும் வேண்டாம், இழுக்க இழுக்க நீளும். செருப்பு தைக்கும் தடித்த பாலியஸ்டர் நூல் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கிறது. எத்தனை இழை வேண்டும் என்பதை ஊகிக்காதீர்கள். ஓர் இழையில் வாளியைத் தொங்கவிட்டு லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றுங்கள், அறுந்தபோது வாளியையும் சேர்த்து எத்தனை கிலோ என்று குறித்துக்கொள்ளுங்கள். நாணின் மொத்த பலம் வில்லின் இழுப்பைப் போல நாலு மடங்காவது இருக்க வேண்டும். 25 பவுண்டு வில்லுக்கு அது 45 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இழை ஒன்று நாலு கிலோ தாங்கினால் பன்னிரண்டு இழை; நான் பதினாலு போடுவேன். இரண்டு புரியாகப் பிரித்து, தேன்மெழுகு தடவி, எதிரெதிராக முறுக்கி, இரண்டு முனையிலும் கண்ணி வைத்துக்கொள்ளுங்கள். விரல் படும் நடுப்பகுதியில் மெல்லிய நூலை நெருக்கமாகச் சுற்றுங்கள்.

கைப்பிடிக்கும் நாணுக்கும் இடைவெளி, கைவிரல்களை மடக்கிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் வரும் உயரம். ஏறக்குறைய ஆறு அங்குலம். பூச்சு உங்கள் விருப்பம். ஆளிவிதை எண்ணெயை நாலு நாள் இடைவிட்டு மூன்று முறை தேய்க்கிறேன். கைப்பிடியில் பருத்திக் கயிறு சுற்றுகிறேன்.

முதல் நூறு அம்பு

அம்பில்லாமல் நாணை வெறுமனே இழுத்து விடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுதும் வில்லுக்குள்ளேயே திரும்பும். மிக இலேசான அம்பும் இதே கெடுதலைச் செய்யும், 25 பவுண்டு வில்லுக்கு 16 கிராமுக்குக் குறையாத அம்பு வையுங்கள். மொட்டை மாடியிலிருந்து எய்ய வேண்டாம். பின்னால் மண்மேடோ சுவரோ இருக்கும் இடத்தில், வைக்கோல் அடைத்த சாக்கு மூட்டையை வைத்து, பத்து மீட்டரிலிருந்து தொடங்குங்கள். மலையில் எய்வதாக இருந்தாலும் குறி சாக்கு மட்டுமே. வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சேலத்தில் செய்த வில்லை ஏற்காட்டுக்கு எடுத்துப்போனால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் காற்று மாறிவிடும். நாணைக் கழற்றியே கொண்டுபோங்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். மழைக்காலத்தில் அங்கே சில நாள் இருந்த வில் ஈரம் வாங்கி ஒன்றிரண்டு பவுண்டு தளரும். இறங்கி வந்து இரண்டு வாரம் உலர்ந்த பிறகுதான் மறுபடி முழுதாக இழுக்க வேண்டும்.

நூறு அம்பு எய்த அன்று மாலை நாணைக் கழற்றி, வில்லை இரண்டு ஆணியில் படுக்கைவசமாக மாட்டிவிடுங்கள். மூலையில் சாய்த்து வைத்தால் கீழ்ப்பாதி மெல்ல வளையும். மறுநாள் காலையில் முதுகைக் கீழே வைத்து நேரான பலகையின்மேல் படுக்கப்போட்டு, நுனிகள் பலகையிலிருந்து எவ்வளவு எழும்பி நிற்கின்றன என்று அளந்து நோட்டில் எழுதுங்கள். ஓர் அங்குலம் ஒன்றரை அங்குலம் இருந்தால் மூங்கிலுக்கு அது இயல்பு. ஒரு பாதி மட்டும் மற்றதைவிட அரை அங்குலம் கூடுதலாக எழும்பியிருந்தால் அந்தப் பாதி பலவீனம். பென்சில் துண்டை எடுத்து எதிர்ப்பாதியில் கோடு விழும் இடத்தைத் தேடுங்கள். பத்துச் சுரண்டல், முப்பது இழுப்பு. இரண்டும் ஒத்துவந்த பிறகு, பரணிலிருந்து அடுத்த பட்டையை இறக்கலாம்.